வேலையை விடாமல் சட்டம் படிப்பதா, விட்டுவிட்டுப் படிப்பதா?

எங்கள் ஊர்களில் சட்டப் புத்தகத்தைத் திறக்காமலேயே சட்டம் படித்தவர்கள் பலர். மகனைத் தேடிப் போன அம்மா 'ஆட்கொணர்வு மனு' என்ற சொல்லை நீதிமன்ற வாசலில் கற்றுக்கொண்டார். 1990இல் விட்டுவந்த காணிக்குத் திரும்பிப் போனவர், வேறொருவர் பத்து வருடம் ஆண்டால் அந்தக் காணியின் உரிமை என்னவாகும் என்பதை வேலிச் சண்டையில் கற்றுக்கொண்டார். கணவர் காணாமலாக்கப்பட்ட பெண், மரணச் சான்றிதழுக்கும் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரதேச செயலகத்தின் வாங்கில் இருந்து கற்றுக்கொண்டார். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் என்று சொன்னால், அது பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று உடனே சொல்லக்கூடியவர்கள் இங்கே எத்தனையோ பேர்.

இப்படி வாழ்க்கையிலிருந்து சட்டத்தைக் கற்றவர்களில் சிலருக்கு, அல்லது அவர்களுடைய பிள்ளைகளுக்கு, ஒரு கட்டத்தில் கேள்வி வருகிறது. நாங்களே சட்டத்தரணி ஆனால் என்ன? அடுத்த நிமிடமே இரண்டாவது கேள்வியும் வருகிறது. வேலையை விட்டால் வீட்டை யார் பார்ப்பது? வேலையை விடாவிட்டால் எப்படிப் படிப்பது?

போர் பலரிடமிருந்து காலத்தையும் பறித்தது. 2009 ஓகஸ்ட்டில் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்தபடி உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் இன்று முப்பதுகளின் நடுவில் நிற்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டிய வயதில் அவர்கள் கூடாரத்துக்குத் தகரம் தேடினார்கள், தம்பி தங்கச்சியைப் படிப்பித்தார்கள், கிடைத்த வேலையில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு 'முழுநேரமா, பகுதிநேரமா' என்பது வசதியைப் பற்றிய கேள்வி அல்ல. இழந்த வருடங்களில் எத்தனையை மீட்கலாம், அதற்காக இன்னும் எதை இழக்கலாம் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

சட்டப் பட்டம் பெறுவதும் சட்டத்தரணி ஆவதும் இலங்கையில் ஒன்றல்ல. இது தெரியாமல் காசையும் வருடங்களையும் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்.எல்.பி. என்பது ஒரு பல்கலைக்கழகப் பட்டம். அதை வைத்து மட்டும் நீதிமன்றத்தில் ஒருவருக்காக எழுந்து பேச முடியாது. சட்டத்தரணியாக உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்துகொள்ள வேண்டும். அதற்குச் சட்டக் கல்விப் பேரவை நடத்தும் பரீட்சைகளில் சித்தியடைந்து, மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதம் பயிலுநராக இருக்கவேண்டும். அந்தப் பேரவையின் கீழ் இயங்குவதுதான் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் இலங்கை சட்டக் கல்லூரி. 1874இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

மறுபக்கம், சட்டத்தரணி ஆவதற்குப் பட்டம் கட்டாயம் இல்லை. உயர்தரத்தில் மூன்று பாடங்களில் சித்தியடைந்தவர்கள், குறிப்பிட்ட தகைமைகள் இருந்தால், சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை எழுதி நேரடியாக உள்ளே போகலாம். அங்கே இசட் புள்ளி பார்க்கப்படுவதில்லை. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டவர்களுக்கு இது பெரிய விடயம்.

ஆகவே 'எப்படிப் படிப்பது' என்று கேட்பதற்கு முன், 'எதற்காகப் படிக்கிறேன்' என்று கேட்கவேண்டும். நீதிமன்றத்தில் வழக்குப் பேசவும் உறுதி எழுதவும் விரும்புபவருக்கு ஒரு பாதை. இருக்கும் அரச வேலையில் பதவி உயர்வுக்கோ, மனித உரிமை நிறுவனம் ஒன்றில் பணியாற்றவோ, தன் சமூகத்துக்குச் சட்ட விளக்கம் கொடுக்கவோ விரும்புபவருக்கு வேறு பாதை. இரண்டாவது ஆளுக்கு எல்.எல்.பி. மட்டுமே போதுமாக இருக்கலாம்.

கதவுகள் எவை?

முதலாவது, அரச பல்கலைக்கழகத்தில் முழுநேரப் படிப்பு. கொழும்பில் சட்ட பீடமும், யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் சட்டத் துறைகளும் இருக்கின்றன. படிப்பு நான்கு வருடம். கட்டணம் இல்லை. ஆனால் உயர்தரப் பரீட்சையை மூன்று தடவைக்கு மேல் எழுதி இந்த வழியால் போக முடியாது. சட்டத்துக்கான வெட்டுப்புள்ளியும் உயரமானது. 18, 19 வயதில் திறந்து சீக்கிரம் மூடிவிடுகிற கதவு இது.

இரண்டாவது, இலங்கை சட்டக் கல்லூரி. படிப்பு மூன்று வருடம்: ஆரம்ப, இடைநிலை, இறுதி ஆண்டுகள். நுழைவுப் பரீட்சை வருடத்துக்கு ஒருமுறை நடப்பது வழமை. மொழித்திறன் ஒரு வினாத்தாள், பொது அறிவும் நுண்ணறிவும் இன்னொன்று. விரிவுரைகள் கொழும்பில். வடக்கிலோ கிழக்கிலோ கிளை இல்லை.

மூன்றாவது, இலங்கை திறந்த பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. வேலை செய்பவர்களை மனதில் வைத்தே இந்தப் பல்கலைக்கழகம் 1980இல் உருவாக்கப்பட்டது. இசட் புள்ளி தேவையில்லை. தெரிவுப் பரீட்சை எழுதவேண்டும். தலைமை வளாகம் நாவலயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் ஒரு பிராந்திய நிலையம், மட்டக்களப்பில் இன்னொன்று. பாடநூல்கள் அச்சில் தரப்படும். நேரடி வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில். கட்டணம் உண்டு. முழுநேரப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை, இங்கே இருக்கிறது என்பது பலருக்கு மனக்கசப்பான விடயம். ஆனால் தனியார் நிறுவனங்களின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

நான்காவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களை இங்கே நடத்தும் தனியார் நிறுவனங்கள். மாலை வகுப்பு, வார இறுதி வகுப்பு என்று வேலை செய்பவருக்கு நேரம் பொருந்தும். ஆனால் முழுவதும் ஆங்கிலம், கட்டணம் இலட்சங்களில். பிரித்தானியப் பட்டம் பெற்றால் இலங்கையில் தானாகவே சட்டத்தரணி ஆகிவிட முடியாது. அந்தப் பட்டத்தைச் சட்டக் கல்விப் பேரவை ஏற்கிறதா, எந்தப் பரீட்சைகள் எழுதவேண்டும் என்பதைப் பேரவையிடமே கேட்காமல் முதல் தவணைக் காசைக் கட்டக்கூடாது. நிறுவனத்தின் விளம்பரப் பலகை சொல்வது போதாது.

'ஆறு மாதச் சட்ட டிப்ளோமா' என்று முகநூலில் வரும் விளம்பரங்கள் வேறு வகை. அவற்றில் சில, அறிவைப் பெருக்கிக்கொள்ள உதவலாம். சட்டத்தரணி ஆவதற்கான படி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

பணத்தின் கணக்கு

கிளிநொச்சியில் மாதம் 60,000 ரூபா கையில் கிடைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலையை விட்டுக் கொழும்பில் தங்கி மூன்றரை வருடம் சட்டக் கல்லூரியிலும் பயிலுநர் காலத்திலும் செலவிட்டால், அவர் இழக்கும் சம்பளம் 42 மாதத்துக்கு 25 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இன்னொருவருடன் பகிர்ந்த அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 என்று வைத்தால் இன்னும் 16 இலட்சத்து 80 ஆயிரம். கல்லூரிக் கட்டணத்தைச் சேர்க்காமலே மொத்தம் 42 இலட்சம். இது எடுத்துக்காட்டுக் கணக்குத்தான். உங்கள் எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். வேலையை விடும்போது கட்டணம் சின்னச் செலவு என்பதும், பெரிய செலவு வராமல் போகும் சம்பளம் என்பதும் அப்போது தெரியும்.

அதே ஆள் வேலையில் இருந்தபடி திறந்த பல்கலைக்கழகத்தில் படித்தால் சம்பளம் தொடரும். கட்டணத்தையும், கொக்குவிலுக்குப் போய்வரும் பஸ் காசையும் சம்பளத்திலிருந்தே எடுக்கலாம். ஆனால் அவருடைய செலவு வேறு வடிவத்தில் வருகிறது. அது காலம்.

முழுநேர மாணவர்களுக்கு உதவியே இல்லை என்றும் சொல்ல முடியாது. குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் பார்த்து மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. அறை வாடகைக்கே அது போதாது. வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ஒரு பிள்ளை படிப்பை விட்டுவிடாமல் தாக்குப்பிடிக்க அது உதவியிருக்கிறது.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. போருக்குப் பிறகு நுண்கடன் எங்கள் பெண்களுக்கு என்ன செய்தது என்று புதிதாகச் சொல்லத் தேவையில்லை. படிப்புக்காக வாரத் தவணைக் கடன் எடுக்கவேண்டாம். சட்டப் படிப்பு வருமானம் தரத் தொடங்க வருடங்கள் ஆகும். அந்தக் கடன் அடுத்த கிழமையே கதவைத் தட்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர் உதவுவதாகச் சொன்னால், எத்தனை வருடத்துக்கு, மாதம் எவ்வளவு என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது உறவுக்கும் நல்லது. இரண்டாம் வருடத்தில் காசு நின்று, படிப்பும் நின்று, அண்ணனுடன் பேச்சும் நின்ற வீடுகள் உண்டு.

காலத்தின் கணக்கு

அரச அலுவலகம் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை. போய்வரும் நேரம், சமையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் கழித்து ஒரு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் மிஞ்சினால் கிழமை நாட்களில் பத்து மணித்தியாலம். சனி, ஞாயிறில் நான்கு நான்கு. மொத்தம் பதினெட்டு. இதில் கல்யாணம், செத்தவீடு, கோயில் திருவிழா, காய்ச்சல், அலுவலகத்தில் திடீரென வரும் சனிக்கிழமை நடமாடும் சேவை ஆகியவற்றைக் கழித்தால் உண்மையில் கிடைப்பது பன்னிரண்டு. முழுநேர மாணவருக்கு விரிவுரையும் வாசிப்பும் சேர்ந்து கிழமைக்கு முப்பத்தைந்து மணித்தியாலம் கிடைக்கும். அதாவது பகுதிநேரம் படிப்பவர் மூன்றில் ஒரு பங்கு நேரத்தோடு அதே பரீட்சையை எழுதுகிறார்.

அதனால்தான் நான்கு வருடப் படிப்பு பலருக்கு ஐந்து, ஆறு என்று நீள்கிறது. அது தோல்வி அல்ல. திறந்த பல்கலைக்கழக முறையில் ஒரு வருடத்துக்கு எத்தனை பாடம் எடுப்பது என்பதைக் குறைத்துக்கொண்டு போக இடமிருக்கிறது. ஆனால் ஒரு பொறி உண்டு. தொடர் மதிப்பீட்டில் தகுதி பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. வேலைப் பளுவால் ஒப்படையைத் தவறவிட்டவர் அந்தப் பாடத்தில் ஒரு வருடத்தையே இழக்கலாம். வேலை செய்துகொண்டு படிப்பவர்கள் பலர் விழும் இடம் கடினமான பாடம் அல்ல, தவறிய திகதி. வருட ஆரம்பத்தில் நாட்காட்டி கிடைத்த அன்றே எல்லாத் திகதிகளையும் சுவரில் எழுதி ஒட்டுவது எந்த நினைவாற்றலையும் விடப் பெரிய உதவி.

இப்போது வயதைக் கணக்கிடுவோம். 34 வயதில் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்பவர் ஐந்து வருடத்தில் பட்டம் பெற்றால் 39. அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டதாரிகளுக்கு நுழைவுப் பரீட்சை இல்லாமல் சட்டக் கல்லூரிக்குள் போக வழி இருக்கிறது. எந்தெந்தப் பரீட்சைகளில் விலக்கு என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்துக்கொள்ளவேண்டும். மிகுதிப் பரீட்சைகளுக்கும் பயிலுநர் காலத்துக்கும் இரண்டு வருடம் வைத்தால் சத்தியப்பிரமாணம் 41இல். அதே ஆள் ஒரு வருடம் தயாராகி நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்து நேரே சட்டக் கல்லூரிக்குப் போயிருந்தால் 38 அல்லது 39. வித்தியாசம் இரண்டு மூன்று வருடம். அந்த இரண்டு மூன்று வருடத்தின் விலை, மேலே போட்ட 42 இலட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

பகுதிநேரத்தால் கடக்க முடியாத மூன்று வாசல்கள்

வேலையை விடாமல் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அது முழு உண்மை அல்ல. மூன்று இடங்களில் வேலையும் சட்டமும் நேருக்கு நேர் மோதும்.

முதலாவது, பரீட்சைக் காலம். சாட்சியம், குடியியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை போன்ற பாடங்களை இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தூக்கக் கண்ணோடு படித்து எழுத முடியாது. வருடம் முழுவதும் சேர்த்துவைத்த விடுமுறைகள் இதற்குத்தான். பெரும்பாலான அனுபவசாலிகள் தமது வருடாந்த விடுமுறையைப் பரீட்சைக்கு முந்திய இரு கிழமைக்காக ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, பயிலுநர் காலம். நீதிமன்றம் கூடுவது கிழமை நாட்களில், அலுவலக நேரத்தில். மூத்த சட்டத்தரணியின் பின்னால் வழக்கேட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதும், தவணைத் திகதி எழுதுவதும், சாட்சியை எப்படிக் கேட்கிறார் என்று பார்ப்பதும் வார இறுதியில் நடக்கிற வேலை அல்ல. இந்த ஆறு மாதத்துக்கு விடுமுறைக்கான திட்டமும், வீட்டுச் செலவுக்கான சேமிப்பும் முதல் நாளிலிருந்தே தேவை. நல்ல செய்தி ஒன்று: மூத்தவர் கொழும்பில்தான் இருக்கவேண்டும் என்றில்லை. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ ஒருவரிடம் சேர்ந்தால் அறை வாடகை மிச்சம்.

மூன்றாவது, சத்தியப்பிரமாணத்துக்குப் பிறகான முதல் வருடங்கள். கறுப்பு அங்கி போட்ட அன்றே கட்சிக்காரர் வரமாட்டார். இளம் சட்டத்தரணிக்கு மூத்தவர் கொடுப்பது பல நேரம் போக்குவரத்துச் செலவுக்குச் சரி. அரச ஊழியராக இருந்துகொண்டு தனிப்பட்ட முறையில் வழக்குப் பேசவும் முடியாது. ஆகவே 41 வயதில் ஓய்வூதியம் உள்ள வேலையையா, நிச்சயமில்லாத நீதிமன்றத்தையா என்று தெரிவுசெய்யவேண்டி வரும். பகுதிநேரப் படிப்பு அந்தத் தெரிவைத் தள்ளிப்போடுகிறதே ஒழிய இல்லாமல் செய்வதில்லை. ஓய்வூதிய உரிமைக்கு உங்கள் சேவைக்காலம் எவ்வளவு போதும் என்பதைச் சேரும்போதே நிர்வாகக் கிளையில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மொழி

அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். நீதவான் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் எங்கள் சனம் தம் மொழியிலேயே வழக்கைக் கேட்கலாம். ஆனால் சட்ட அறிக்கைகளும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் உயர் நீதிமன்றத்தினதும் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆகவே தமிழில் பரீட்சை எழுதுபவருக்கும் ஆங்கில வாசிப்பு வேண்டும்.

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அவற்றைத் தோற்கடித்தது. கிராமத்துப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியரே இல்லாமல் படித்த பிள்ளைக்கு அந்த வாக்கெடுப்பின் பொருள் மிகப் பெரியது. ஆனாலும் அந்தக் கேள்வி மீண்டும் எழாது என்று நினைத்துச் சும்மா இருக்கக்கூடாது. சேர்வதற்கு முந்திய ஒரு வருடத்தை ஆங்கில வாசிப்புக்கு ஒதுக்கினால் அது வீண் போகாது. அதற்கு வேலையை விடவும் தேவையில்லை.

எங்கள் பக்கத்துக்கு ஒரு பலமும் உண்டு. தேசவழமைச் சட்டம் 1707 அளவில் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது. யாழ்ப்பாணத் தமிழரின் சீதனம், தேடியதேட்டம், முதுசம் பற்றிய சொற்கள் எங்கள் வீட்டுப் பேச்சிலேயே இருக்கின்றன. பிற மாணவர்கள் மனப்பாடம் செய்கிற இடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு அம்மம்மாவின் காணி ஞாபகம் வரும்.

தடுப்பில் இருந்தவர்களின் கேள்வி

வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. புனர்வாழ்வு பெற்றவர், தடுத்துவைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவர் சட்டத்தரணி ஆகலாமா?

1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் சொல்வது, நற்பெயரும் போதிய அறிவும் ஆற்றலும் உடையவர்களை உயர் நீதிமன்றம் சட்டத்தரணிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே. தடுத்துவைக்கப்படுவதும் குற்றவாளியாகத் தீர்க்கப்படுவதும் சட்டத்தில் ஒன்றல்ல. ஆனால் நன்னடத்தைச் சான்றுகளும் விண்ணப்பமும் பரிசீலிக்கப்படும் இடத்தில் பழைய கோப்பு மேலே வரலாம். ஆகவே நான்கு வருடம் படித்த பின் கேட்பதை விட, சேருமுன்பே அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் தன் கதையை முழுமையாகச் சொல்லி ஆலோசனை பெறுவது நல்லது. விடுதலை ஆவணம், வழக்கு இருந்திருந்தால் அதன் கட்டளைப் பிரதி, எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களில் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

யாருக்கு எது?

மூன்று பேரைக் கற்பனை செய்வோம். அவர்கள் கற்பனைதான். ஆனால் ஒவ்வொருவரையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலாமவர் 19 வயதுப் பெண். முல்லைத்தீவு. அப்பா இல்லை. பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. வீட்டில் வருமானம் வேண்டும் என்பதால், 'வேலைக்குப் போய்ப் பிறகு படிக்கலாம்' என்று மாமா சொல்கிறார். இந்த இடத்தில் மாமா சொல்வதைக் கேட்கவேண்டாம். கட்டணமில்லாத முழுநேர அனுமதி ஒருவருக்கு வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும். மகாபொலவுக்கு விண்ணப்பித்து, வார இறுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டு அந்த நான்கு வருடத்தையும் கடப்பதே சரி.

இரண்டாமவர் 23 வயது இளைஞர். மூன்று தடவையும் உயர்தரம் எழுதினார். மூன்று பாடங்களிலும் சித்தி, ஆனால் வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. வவுனியாவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். குடும்பப் பொறுப்பு குறைவு. இவர் இழக்கும் சம்பளம் ஒப்பீட்டளவில் சிறியது. முன்னால் இருக்கும் வருடங்கள் அதிகம். கடை வேலையில் இருந்தபடி ஒரு வருடம் நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகி, சித்தியடைந்தால் கொழும்புக்குப் போய்ச் சட்டக் கல்லூரியில் முழுமூச்சாகப் படிப்பது இவருக்குப் பொருந்தும். சாதாரண தரத்தில் ஆங்கிலப் பெறுபேற்றைப் பற்றி விண்ணப்ப அறிவித்தல் என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். தேவையானால் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதவேண்டும்.

மூன்றாமவர் 35 வயது. முகாமில் இருந்தபடி உயர்தரம் எழுதியவர். இப்போது பிரதேச செயலகம் ஒன்றில் உத்தியோகத்தர், இரண்டு பிள்ளைகளின் தாய். கணவரின் வருமானம் நிரந்தரமில்லை. இவர் வேலையை விடக்கூடாது. திறந்த பல்கலைக்கழகமே இவருடைய வழி. முதல் வருடம் குறைந்த பாடங்களோடு தொடங்கலாம். பட்டம் கிடைத்த பிறகு சட்டத்தரணி ஆவதா, அந்தப் பட்டத்தோடு தன் சேவையிலேயே மேலே போவதா என்று நாற்பது வயதில் தீர்மானிக்கலாம். இரண்டும் வெற்றிதான்.

ஆனால் மூன்றாமவரைப் பற்றிப் பேசும்போது வீட்டைப் பற்றியும் பேசவேண்டும். வேலை, சமையல், பிள்ளை, படிப்பு நான்கையும் ஒரு பெண் தனியாகத் தூக்கவேண்டும் என்று எதிர்பார்த்தால் படிப்புத்தான் முதலில் கீழே விழும். கொக்குவிலில் வகுப்பு இருக்கும் சனிக்கிழமை பிள்ளைகளை யார் பார்ப்பது, பரீட்சைக்கு முந்திய மாதம் யார் சமைப்பது என்பதைச் சேருமுன் வீட்டில் பேசி முடிவெடுக்காமல் விண்ணப்பம் நிரப்புவதில் பயனில்லை. 'நீ படி, நாங்கள் பார்த்துக்கொள்ளுறம்' என்ற வசனம் நல்லது. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் என்று எழுதிய தாள் அதைவிட நல்லது.

முடிவெடுக்குமுன்

ஒரு கொப்பியில் ஐந்து விடயங்களை எழுதிப் பாருங்கள். எனக்கு வேண்டியது பட்டமா, சட்டத்தரணி என்ற தகுதியா? வேலையை விட்டால் இழக்கும் சம்பளம் எவ்வளவு, விடாவிட்டால் கூடும் வருடங்கள் எத்தனை? பயிலுநர் காலத்து ஆறு மாதச் செலவு எங்கிருந்து வரும்? கிழமைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் உண்மையில் எனக்கு இருக்கிறதா? நான் படிக்கும் காலத்தில் என் இடத்தை வீட்டில் யார் எடுப்பார்?

இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் எந்த வழியில் போனாலும் போய்ச் சேரலாம். நான்காவதுக்குப் பதில் 'இல்லை' என்றால், ஒரு வருடம் தள்ளிப்போட்டு, ஆங்கிலம் வாசித்து, காசு சேர்த்துவிட்டுத் தொடங்குவது கெட்டித்தனம். தொடங்கி இடையில் விட்டவர் திரும்ப வருவதை விட, பிந்தித் தொடங்கியவர் முடிப்பது சுகம்.

செய்தி சேகரிக்கப் போய் நீதிமன்ற வளாகங்களில் காத்திருந்த நாட்களில் ஒன்றை அடிக்கடி பார்த்திருக்கிறேன். தவணை முடிந்து வெளியே வரும் அம்மாமார் தங்கள் சட்டத்தரணியிடம் கேட்க நினைத்ததைக் கேட்காமல், வாசலில் நிற்கும் இன்னொரு அம்மாவிடம் கேட்பார்கள். சட்டத்தரணிக்கு நேரமில்லை என்ற தயக்கம் ஒரு காரணம். தங்கள் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டுமே என்ற களைப்பு இன்னொரு காரணம். முகாமிலிருந்து வந்த ஒருவர், காணியை இழந்த ஒருவர், தேடிக் களைத்த ஒரு வீட்டின் பிள்ளை அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றால், அந்தக் கதையில் பாதியைச் சொல்லத் தேவையிராது. அவர் அங்கே 28 வயதில் வந்தாரா, 42 வயதில் வந்தாரா என்று அந்த அம்மா கேட்கப்போவதில்லை.